சீனியர் வக்கீலை விட்டுத் தனி ஆபீஸ் போடுகிறீர்களா?

1. வாடகை, குமாஸ்தா சம்பளம், வீட்டுச் செலவு மூன்றையும் கூட்டி, 6 மாதத்துக்கானதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆரம்பத்தில் ஃபீஸ் துண்டு துண்டாகத்தான் வரும்.

2. மே மாதத்துக்குத் தனியே சேமியுங்கள். கோடை விடுமுறையில் சிவில் கோர்ட் வேலை நின்றாலும் வாடகை நிற்காது.

3. கோர்ட் ஃபீஸுக்கென்று கட்சிக்காரர் தரும் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அன்றே ரசீது கொடுங்கள். அது உங்கள் வருமானம் அல்ல. கணக்குக் காட்டும் கடமை பார் கவுன்சில் விதிகளிலேயே உண்டு. அவசரத்துக்குக்கூட அதில் கை வைக்காதீர்கள்; பெயர் கெட்டால் மீட்பது கடினம்.

4. விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்காதீர்கள், விதி அனுமதிக்காது. அளவான பெயர்ப்பலகை போதும்.

5. புத்தகங்களை மெதுவாக வாங்குங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம்.