பிள்ளைகளுக்கு முன் நாம் செய்து பார்ப்போம்

 

பள்ளிக்கூடம் விட்டு வரும் 5 முதல் 8 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, வாரம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஓவிய வகுப்பு நடத்தி வருகிறோம். புதிதாகக் கற்றுக்கொடுக்க முன்வருவோருக்காக, நாங்கள் தவறு செய்து கற்றதை இங்கே எழுதுகிறோம்.

தொடக்கத்தில் கரும்பலகையில் நாங்கள் ஒரு மாமரம் வரைவோம். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைவார்கள். ஒரு நாள் 6 வயதுச் சிறுவன் ஒருவன் வரைந்த மரம் சாய்ந்திருந்தது. பென்சிலை வாங்கி நாங்களே நிமிர்த்திக் கொடுத்தோம். அடுத்த வாரம் அவன் வெள்ளைத் தாளை எங்கள் பக்கம் தள்ளி, "நீங்களே வரைஞ்சு தாங்க மிஸ், எனக்கு வராது" என்றான். உதவி என்று நினைத்துச் செய்தது, பிள்ளையின் தைரியத்தைக் கெடுத்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் தயாரிப்பை மாற்றிக்கொண்டோம்.

1. முதல் நாள் இரவே செய்து பாருங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகும் அதே தாள், அதே வண்ணம் கொண்டு செய்ய வேண்டும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி அச்சுப் பதித்தால் அழகான பூ கிடைக்கும். ஆனால் வண்ணத்தில் தண்ணீர் கூடினால் பூ கலங்கிவிடும். காயின் வழவழப்பைத் துணியால் துடைக்காவிட்டால் வண்ணம் ஒட்டாது. இவை வீட்டில் செய்து பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தன. இலைப்பதிவு செய்வதானால், நரம்பு தடித்த பக்கம் மேலே இருக்கும்படி இலையை வைத்து, மெல்லிய தாளால் மூடி, கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும்.

2. வயிற்றைக் கவனியுங்கள். பள்ளியிலிருந்து வரும் பிள்ளை களைத்திருக்கும். முதலில் தண்ணீரும் சுண்டலும் கொடுங்கள். எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதைப் பெற்றோரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

3. நேரத்தைப் பிரியுங்கள். எங்கள் வகுப்பு 45 நிமிடம். அமர்ந்து இளைப்பாற 10, செய்து காட்ட 5, பிள்ளைகள் செய்ய 20, துடைத்து எடுத்து வைக்க 10. மக்ரிபுக்கு முன் பிள்ளைகள் வீடு சேர வேண்டும். பெரியவர்கள் இருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும்.

4. சிறு பொருள்களை மறவாதீர்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல், தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாள், சீருடைக்கு மேல் அணியப் பழைய சட்டை, படங்களைக் காய வைக்கக் கயிறும் கிளிப்பும் வேண்டும். வண்ணத்தைத் தொடுமுன் தாளின் பின்புறம் பெயர் எழுதிவிடுங்கள்.

5. உருவம் வரைவது பற்றிப் பெற்றோர் கேட்பதுண்டு. ஓவியம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவுரை கூறிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. எனவே எங்கள் வகுப்பில் இலை, பூ, மரம், வீடு, பிறை, கட்டம், வட்டம் என்று அமைத்துக்கொள்கிறோம். கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசல் கல்வேலைப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு, பூவும் கொடியும் எத்தனை அழகைத் தரும் என்பது தெரியும்.

6. பிள்ளையின் தாளில் உங்கள் கை படவேண்டாம். செய்து காட்ட வேண்டுமானால் வேறு தாளில் காட்டுங்கள். "இது என்ன?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்லுங்க, கேப்போம்" என்று பக்கத்தில் உட்காருங்கள்.

அந்தச் சிறுவன் சில வாரங்கள் வெண்டைக்காய் அச்சு மட்டுமே பதித்தான். நாங்களும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே பென்சில் கேட்டு மரம் வரைந்தான். அதுவும் சாய்ந்தே இருந்தது. அதைப் பற்றிச் சொல்லச் சொன்னோம். "எங்க உம்மம்மா வீட்டு மரம் மிஸ். புயல்ல சாஞ்சிருச்சு. ஆனா இன்னும் காய்க்குது" என்றான்.

முதல் நாளே கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பான். கேட்கும் பொறுமையோடு வகுப்புக்குச் செல்வதும் தயாரிப்பில் சேர்ந்ததே. அதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.