வீட்டு முகவரியும் சட்டப் பாதுகாப்பும்

அரசுக்கு மனு எழுதுவோர் வீட்டு முகவரியையும் எழுதுவது நெடுநாளைய வழக்கம். பதில் பெறுவதற்கென எழுதப்படும் அந்த ஒரு வரி, சில வேளைகளில் மனுதாரரின் உயிருக்கே கேடாகக்கூடும். 2010 ஜனவரியில் புணே அருகே சதீஷ் ஷெட்டியும், ஜூலையில் அகமதாபாத்தில் அமித் ஜேட்வாவும் கொலையுண்டனர். இருவரும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தவர்கள்.

2005ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 6(2) பிரிவு, தொடர்பு கொள்ளத் தேவையானவை தவிர வேறு சொந்த விவரங்களை மனுதாரரிடம் கேட்கலாகாது என்கிறது. தொடர்புக்கு வீட்டு முகவரிதான் வேண்டுமா? 2013 நவம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. தபால் பெட்டி எண்ணே போதும். அதில் இடர்ப்பாடு நேர்ந்தால் அதிகாரி மேல்விவரம் கேட்கலாம். ஆனால் அவ்விவரம் இணையதளத்திலோ பிறவாறோ வெளிவராமல் காப்பது அவர் பொறுப்பு. 2014 ஜனவரியில் மத்தியப் பணியாளர், பயிற்சித் துறை இத்தீர்ப்பைச் சுற்றறிக்கையாக அனுப்பியது.

தபால் பெட்டி என்பது கட்டணம் செலுத்தி அஞ்சலகத்தில் பெறும் எண். கடிதங்களை அங்கேயே சென்று பெற்றுக்கொள்ள வேண்டும். அஞ்சலகத்தார் முகவரிச் சான்று கேட்பர், அதனால் குறையொன்றுமில்லை. அஞ்சலகம் அறிவதும் பகைவர் அறிவதும் ஒன்றல்லவே!

கணவரின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய பெண்ணின் நிலை இதனினும் கடினமானது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் 2006இல் வகுக்கப்பட்ட விதிகளில் 16ஆவது விதி, அவள் விரும்பினால் காப்பகத்தார் அவளது அடையாளத்தை எதிர்த்தரப்பாருக்குத் தெரிவிக்கலாகாது என்கிறது. புகார் தராதவள் என்ற காரணத்தால் இடம் மறுக்கவும் கூடாது. அவள் தற்காலிகமாகத் தங்கியுள்ள ஊரிலேயே வழக்குத் தொடரச் சட்டம் இடமளிக்கிறது. இது பெரும் வசதியே. எனினும் எந்த ஊர் நீதிமன்றம் என்பதே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வன்முறை நிகழ்ந்த ஊரிலும் மனுச் செய்யலாமாதலால், எவ்விடம் தகும் என்பதைப் பாதுகாப்பு அலுவலரிடம் கலந்து முடிவு செய்வது நலம். விசாரணையை மூடிய அறையில் நடத்தவும் நடுவரைக் கோரலாம்.

சாட்சிகளுக்கு 2018ஆம் ஆண்டுத் திட்டம் உண்டு; அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்று நடைமுறைப்படுத்தப் பணித்தது. மாவட்ட அமர்வு நீதிபதியின் தலைமையிலான குழு, அச்சுறுத்தல் பற்றிய காவல்துறை அறிக்கையைப் பெற்று, அடையாளத்தை மறைக்கவோ வேறிடத்தில் குடியமர்த்தவோ ஆணையிடலாம். பாதுகாப்பு ஒரு முறைக்கு மூன்று மாதங்களுக்கு மேற்படாது. அச்சம் நீடிப்பின் உரிய காலத்தில் மீண்டும் குழுவை அணுக வேண்டும்.