பழைய லென்சுக்குப் பொருந்தும் வளையம் எது?

ஒரு பழைய மரக் காமிராவிலிருந்து கழற்றப்பட்ட பித்தளை லென்சு உங்கள் கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கனம். கண்ணாடியில் கீறல் இல்லை. பின்புறத்தில் ஐந்தாறு திருகுப் புரிகள் தெரிகின்றன. ஆனால் அந்தப் புரிகள் சென்று பொருந்த வேண்டிய வளையத்தைக் காணோம். இந்த லென்சுக்கு எந்த வளையம் சேரும்?

என் மாணவப் பருவத்தில் எனக்கு இதே கேள்வி எழுந்தது. விடை காணும் முன்பே ஒரு தவறும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காமிராவைப் பார்ப்போம். 4×5 அங்குலம், 8×10 அங்குலம் போன்ற பெரிய பிலிம் தாளிலோ கண்ணாடித் தட்டிலோ படம் எடுக்கும் காமிராக்கள் இவை. முன்னால் ஒரு பலகை; அதில் லென்சு. பின்னால் பிம்பம் விழும் தேய்த்த கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே துருத்தி. சிறிய 35 மி.மீ. காமிராவில் லென்சு பொருந்தும் விளிம்புக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் மாறாதது. பழைய திருகு வகை லைக்காவில் அது 28.8 மி.மீ. இதில் சிறு பிழை நேர்ந்தாலும் படம் மங்கும். துருத்திக் காமிராவில் இந்தக் கட்டாயம் இல்லை. 300 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்சைக் கொண்டு தொலைவிலுள்ள மலையைப் படமெடுக்கத் துருத்தியை 300 மி.மீ. அளவுக்கு நீட்டினால் போதும். ஒரு பூவை அதன் உண்மை அளவிலேயே எடுக்க 600 மி.மீ. நீட்ட வேண்டும். (u, v, f சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்.) ஆகவே வளையத்தின் வேலை லென்சை நேராகப் பிடித்துக்கொள்வதும், இடுக்கில் ஒளி கசியாமல் தடுப்பதும்தான். வளையம் மட்டும் சேர்ந்துவிட்டால், ஒருவர் செய்த லென்சை மற்றொருவர் செய்த காமிராவில் தாராளமாகப் பூட்டலாம்.

அந்த வளையம்தான் எளிதில் சேருவதில்லை. தொடக்க காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம் போலப் புரி வெட்டியது. இங்கிலாந்தில் விட்வொர்த் 1841-இல் 55 பாகைக் கோணமுள்ள புரியைப் பொது அளவாக்க முனைந்தார். அமெரிக்காவில் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகையை முன்வைத்தார். லென்சு செய்தவர்கள் எளிதில் வழிக்கு வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனின் புகைப்படச் சங்கம் 1¼, 1½, 1¾, 2 அங்குலம் என விட்டங்களை வரையறுத்து, அங்குலத்துக்கு 24 புரிகள் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிந்திய ஆங்கில லென்சுகள் பலவற்றில் இந்த அளவைக் காணலாம். ஜெர்மன் லென்சு என்றால் மில்லிமீட்டர் அளவை எதிர்பார்க்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஜெர்மனியில் பிறந்த லைக்காவின் திருகுக்கு விட்டம் 39 மி.மீ.; புரியோ அங்குலத்துக்கு 26!

ஆகவே அளந்து பார்ப்பதே வழி. அளக்க வேண்டியவை இரண்டு: விட்டம், புரியிடைத் தூரம். விட்டத்தை வெர்னியர் அளவியால் புரியின் முகடுகளுக்கு மேல் வைத்து அளக்கலாம். 38.0 அல்லது 38.1 மி.மீ. வந்தால் 1½ அங்குலம் என்று ஊகிக்கலாம். வளையம் கிடைத்து லென்சு இல்லாதபோது கவனம் வேண்டும். வளையத்தின் உள்விட்டம் லென்சின் விட்டத்தைவிடக் குறைவாகவே இருக்கும். விட்வொர்த் புரியில் இந்தக் குறைவு புரியிடைத் தூரத்தைப் போல் ஏறத்தாழ 1.28 மடங்கு. அதாவது 1½ அங்குல லென்சுக்குரிய வளையம் உள்ளே 36.7 மி.மீ. அளவே காட்டும்.

புரியிடைத் தூரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். அங்குலத்துக்கு 24 புரி என்றால் 25.4 ÷ 24 = 1.058 மி.மீ. மெட்ரிக் புரி 1 மி.மீ. உங்கள் பள்ளி வெர்னியரின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ.; ஒரே ஒரு புரியை அளந்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. ஊசலின் அலைவுக் காலத்தைக் காண ஓர் அலைவை மட்டுமா அளக்கிறீர்கள்? இருபது அலைவுகளை அளந்து வகுக்கிறீர்கள் அல்லவா? இங்கும் அதே முறைதான். மெல்லிய தாளைப் புரியின்மேல் அழுத்திப் பென்சிலால் தேய்த்தால் கோடுகள் பதியும். ஆறு கோடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து ஐந்தால் வகுக்க வேண்டும். ஆறால் வகுத்துவிடாதீர்கள்; ஆறு கோடுகளுக்கு இடையே இருப்பவை ஐந்து இடைவெளிகளே. அளவு 5.3 மி.மீ. என்றால் 24 புரி, 5.0 என்றால் 1 மி.மீ. மெட்ரிக். லைக்காவின் 26 புரியோ 4.9 தரும். இதை 5.0-இலிருந்து பிரித்தறிய வெர்னியர் திணறும். கல்லூரி ஆய்வுக்கூடத்திலுள்ள நகரும் நுண்ணோக்கி வேண்டும்.

இனி என் தவறு. ஒரு பழைய மரக் காமிராவின் லென்சை, விட்டம் ஒத்திருந்த வேறொரு வளையத்தில் திருகினேன். ஒன்றரைச் சுற்று இலகுவாகப் போயிற்று. பிறகு இறுகியது. தூசு என்று நினைத்துத் துணியைச் சுற்றிப் பிடித்து முறுக்கினேன். லென்சில் 24 புரி. வளையத்தில் 1 மி.மீ. சுற்றுக்கு 0.058 மி.மீ. விலகல், மூன்று சுற்றில் 0.17 மி.மீ.! பித்தளை மென்மையானது, முதல் இரண்டு புரிகள் நசுங்கிவிட்டன. கடைசல் பட்டறைக்காரர் ஒருவர் அவற்றை அரத்தால் ராவி, மீதமிருந்த புரிகளுக்கு ஏற்பப் புதிய வளையம் கடைந்து கொடுத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிற்கால லென்சுகளில் இந்தத் தொல்லை குறைவு. அவை ஷட்டருடன் சேர்ந்தே வரும். பலகையில் வட்டத் துளை இருந்தால் போதும், பின்புறம் ஒரு சுரை வளையம் அவற்றை இறுக்கிவிடும். ஜப்பானின் கோபால் ஷட்டரில் (பெயர் நம்மூர்ப் பெயர் போலத்தான் இருக்கிறது!) 0 எண்ணுக்கு ஏறத்தாழ 34.6, 1-க்கு 41.6, 3-க்கு 65 மி.மீ. துளை தேவை.

அளவெல்லாம் சரியாக வந்தபின் லென்சைப் பூட்டும்போது, முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றுங்கள். புரியின் தொடக்கங்கள் சந்திக்கும் இடத்தில் ‘டக்’ என்று சிறு ஓசையுடன் லென்சு சற்றே கீழிறங்கும். அங்கிருந்து வலப்புறம் திருகுங்கள், இரண்டு விரல்களால் மட்டும்.