பழைய கார் வாங்கும் வணிகர் கவனிக்க வேண்டியவை

மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கையில் மரகத நடராசரின் சந்தனக்காப்பு களையப்படும்போது ஊர் கொள்ளாத கூட்டம் வருகிறது. அந்தச் சமயத்தில் கொள்முதலுக்குப் போன கார் பாதி வழியில் நின்றால் நட்டம் மெக்கானிக் கூலியோடு போவதில்லை; நம் கடைக்கு வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே அன்றாட ஓட்டத்துக்குப் பழைய கார் தேடும் நாம், விலைக்கு முன் வண்டியின் அடிப்பாகத்தையும் பத்திரங்களையும் பார்க்க வேண்டும்.

முதலில் எரிபொருள் கணக்கு. இங்கிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 18 கி.மீ. டவுனுக்குள் சுற்றுவதையும் சேர்த்து நாளுக்கு 40 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 1,000 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காருக்கு 67 லிட்டர் வேண்டும், 20 கி.மீ. ஓடும் காருக்கு 50 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் மிச்சம். ஆனால் துருவேறிய வண்டி இந்த மிச்சத்தை ஒரே பட்டறைச் செலவில் விழுங்கிவிடும்.

குறைந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் காரே ஏற்றது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிப்படியான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. எஞ்சின் நன்கு சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரியும். சிறு ஓட்டங்களிலேயே இருந்தால் அடைத்துக்கொள்ளும்.

மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றது. ஆம்னி 2019இலும் ஆல்டோ 800 2023இலும் நின்றன. 15 ஆண்டு முடிந்த காரை ஆய்வுக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே 10 ஆண்டுக்கு உட்பட்ட ஆல்டோ, வேகன் ஆர் போன்ற சிறு பெட்ரோல் கார் நமக்குப் போதும்.

நேரில் பார்க்கும் முறை:

1. உப்புக்காற்று நம் பகுதியின் சொத்து. மிதியடியைத் தூக்கி அடித்தகட்டையும், கதவின் கீழ் விளிம்பையும், ஜாக்கி வைக்கும் இடத்தையும் பாருங்கள். தகட்டில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். பட்டி பூசி மறைத்த இடத்தில் சரியாக ஒட்டாது.

2. 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலியும் வெள்ளத்தில் மூழ்கின. அப்படி நீரில் நின்ற வண்டியும் விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பாருங்கள்.

3. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் நீங்களே கிளப்புங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

பத்திரங்களில் சோம்பல் கூடாது. 29, 30ஆம் படிவங்களில் விற்பவர் கையெழுத்து வேண்டும். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் 35ஆம் படிவத்தோடு வங்கியின் கடிதமும் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கும், 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் மாற்றத்துக்கும் எழுத வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் நமக்கு வராது.

இறுதியாக, சொந்த உபயோகக் காரில் தினமும் மூட்டை ஏற்றினால் விபத்தின்போது இழப்பீட்டில் தகராறு வரும். மூட்டைக்கென்று சரக்கு வண்டியே முறை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்கு, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி பர்மிட் தேவையில்லை.

பருப்பு மூட்டை வாங்கும்போது மேல்வாயில் மட்டும் பார்க்கிறோமா? குத்தூசி போட்டு அடியிலிருந்தும் எடுத்துப் பார்க்கிறோம். காருக்கும் அதே வழக்கத்தைக் கடைப்பிடிப்போம்.