விளக்கைப் பெரிதாக்கினால் போதுமா? அகச்சிவப்பு நுண்ணோக்கி: வகுப்பறைச் செயல்பாடு

மேல்நிலை வகுப்பில் அகச்சிவப்புக் கதிர் என்றதும் 'வெப்பம்' என்று மாணவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுவர். ஒரு பொருளில் எந்த மூலக்கூறுகள் உள்ளன என்பதையும் அக்கதிர் காட்டித்தரும் என்பதை அவர்களுக்கு எப்படி உணர்த்தலாம்?

மூலக்கூறின் பிணைப்புகள் சுருள்வில்லைப் போல அதிர்கின்றன. அந்த அதிர்வெண்ணுக்குப் பொருந்தும் அகச்சிவப்புக் கதிரை அவை உட்கவர்கின்றன. புரதம் 1650 செ.மீ⁻¹ அலையெண்ணை ஒட்டி வலுவாக உட்கவரும். 10,000ஐ அலையெண்ணால் வகுத்தால் அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். விடை ஏறத்தாழ 6.

அடையாற்றை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இவ்வகை நிறமாலைமானிகள் உள்ளன. சிட்டிகைத் தூள் இருந்தாலே அவற்றில் சோதிக்கலாம். ஆனால், 7 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒற்றை இரத்தச் சிவப்பணுவை மட்டும் சோதிக்க வேண்டுமானால்? கருவியின் ஒளிமூலம் சூடேறிய சிலிக்கன் கார்பைடு தண்டு. அதன் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. துளையைச் சுருக்கச் சுருக்க, ஒளியின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும்.

செயல்பாடு: அட்டையில் 3 மி.மீ. துளையிடுங்கள். ஒரு மீட்டர் தொலைவிலிருந்து முதலில் டார்ச் விளக்கையும், பின்பு லேசர் சுட்டியையும் துளை வழியே சுவரில் பாய்ச்சுங்கள். டார்ச்சின் ஒளி மங்கிவிடும். லேசரின் ஒளி பெரும்பாலும் கடந்துவிடும். (லேசரை யாருடைய கண்ணிலும் படவிடக் கூடாது.) மொத்த ஒளி அதிகமிருந்தால் போதாது, அது குறுகிய இடத்திலிருந்து குறுகிய கோணத்தில் வர வேண்டும் என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.

சின்க்ரோட்ரான் தருவது அத்தகைய ஒளியே. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்களைக் காந்தங்கள் வளைக்கும்போது அது உமிழப்படுகிறது. அகச்சிவப்பில் இதன் பொலிவு சாதாரண மூலத்தைவிட 100 முதல் 1000 மடங்கு அதிகம். இந்தூரில் 1999இல் இயங்கத் தொடங்கிய இண்டஸ்-1, 450 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்டது. நம் நாட்டின் முதல் சின்க்ரோட்ரான். அகச்சிவப்பு ஃபோட்டானின் ஆற்றல் மிகக் குறைவு என்பதால், எக்ஸ் கதிரைப் போல இது பிணைப்புகளை முறிப்பதில்லை. எனவே உயிருள்ள செல்லையும் ஆராயலாம்.

மதிப்பீட்டு வினா: இவ்வளவு பொலிவான ஒளி இருந்தும், ஒரு மைக்ரோமீட்டர் பாக்டீரியாவுக்குள் புரதம் எங்குள்ளது என்று இந்த நுண்ணோக்கியில் பிரித்துக் காண முடியுமா? முடியாது. விளிம்பு விளைவால், ஒளியை அதன் அலைநீளத்தைவிட வெகுவாகச் சிறிய புள்ளியில் லென்சோ ஆடியோ குவிக்க இயலாது. தாம் கணக்கிட்ட 6 மைக்ரோமீட்டரை நினைவுகூர்ந்து இவ்விடையைச் சொல்லும் மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது.