வேப்பமர நிழலில் எது பூக்கும்?

கேள்வி: எங்கள் வேப்பமரத்தடியில் எதை வைத்தாலும் பூப்பதில்லை. வண்ணத்துப்பூச்சிகளும் வந்தால் நல்லது. என்ன நடலாம்?
– வாசகி, மதுரை

பதில்: டிசம்பர் பூ வையுங்கள். தலையில் சூடும் அதே பூதான். நம் மண்ணுக்குரிய செடி. காலை வெயில் கொஞ்சம் பட்டால் போதும். முழு இருட்டென்றால் இலை மட்டும்தான் மிஞ்சும். புரட்டாசி, ஐப்பசி மழையில் முற்றிய தண்டை ஒரு சாண் நீளம் வெட்டி ஊன்றினால் வேர்பிடித்துவிடும். காய் வெடித்து விதை தெறிக்கும். அடுத்த மழைக்கு நாற்றுகள் தாமாகவே முளைக்கும். பூ ஓய்ந்ததும் கவாத்து செய்யுங்கள்.

இலையில் முள் முள்ளாகக் கறுப்புப் புழுக்களைப் பார்த்தால் மருந்தைத் தேடாதீர்கள். நீங்கள் கேட்ட வண்ணத்துப்பூச்சிகளின் குழந்தைகளாக இருக்கலாம். நாலு இலை போனால் போகட்டுமே! வேப்பஞ்சருகையும் கூட்டி எரிக்காமல் செடியடியில் பரப்புங்கள், ஈரம் நிற்கும்.