நிச்சயம் முறிந்த கதையில் பேங்க் எங்கே?



உன் லிங்கன் நாடகத்தைப் படித்து முடித்தேன். காட்சி மாற்றம், வெளிச்சம் பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எரிச்சலூட்டிய இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மூன்றாம் காட்சி. 1841 ஜனவரி 1. மேரி டாட்டின் அக்காள் வீட்டில் விளக்கேற்றி, விருந்து தயாராகி, மேரி மணக்கோலத்தில் காத்திருக்கிறாள், மாப்பிள்ளை வரவில்லை. இது ஹெர்ன்டன் கட்டிய கதை. பிற்காலத்தில் லிங்கனோடு சேர்ந்து வக்கீல் தொழில் நடத்தியவர். கால் நூற்றாண்டு கழித்து அந்த அக்காள் சொன்னதை ஊதிப் பெருக்கி, 1889இல் புத்தகமாக்கினார். ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் இதை நம்புவதில்லை. அந்த நாளையொட்டி முறிந்தது நிச்சயம்தான், கல்யாணமே ஏற்பாடாகவில்லை. நாடகத்தில் பொய்க்கு இடமுண்டு, அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் மணமேடையில் காக்கவைத்து எத்தனை பெண்களை நம் சினிமா அழவைத்தாயிற்று! நீயுமா?

இரண்டாவதுதான் பெரிய குற்றம். உன் லிங்கன் வேலைக்கே போவதில்லை. ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விடுகிறான். அவன் அரசியல்வாதியப்பா! இல்லினாய் சட்டசபையில் விக் கட்சியின் தலைவன். 1837இல் ரயில்பாதை, ஆற்று வழி என்று ஒரு கோடி டாலர் திட்டத்துக்குக் கைதூக்கியவன். பொருளாதாரம் சரிந்து, மாநிலம் வட்டி கட்டவே திணறியபோது பழி அவன் தலையிலும் விழுந்தது. 1840 டிசம்பரில் இல்லினாய் ஸ்டேட் பேங்கைக் காப்பாற்றுவதற்காக, சபையில் ஆள் எண்ணிக்கை சேராமல் தடுக்கப் பார்த்து, ஜன்னல் வழியாக வெளியே குதித்தான். அதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. அடுத்த மாதம் நிச்சயம் முறிகிறது. உன் நாடகத்தில் ஜன்னல் இருக்கிறது, குதிப்பதற்கு ஆள் இல்லை.

நான் வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதத் தொடங்கிய காலத்தில், எங்கள் ஆசிரியர் எந்தக் காதல் கதையைக் கொடுத்தாலும் ‘பையனுக்கு என்ன சம்பளம்?’ என்பார். அப்போது கோபம் வரும், பிறகுதான் புரிந்தது. எங்கள் தெருவில் ஒருவர் நகராட்சித் தேர்தலில் நின்றார். பெண் வீட்டார் ரிசல்ட் வரட்டும் என்றார்கள். தோற்றார். அவருடைய அப்பா படுக்கையில் விழுந்தார். தை ஆனியாகி, ஆனி ஆவணியாகி, கடனை அடைக்காமல் தாலி கட்ட மாட்டேன் என்று சாதித்தார். பெண்ணும் காத்திருந்தது. தெருவே அதைக் காவியமாகப் பேசியது. எனக்கு ஞாபகம் இருப்பதோ, போஸ்டர் அடித்த காசுக்காகத் தினமும் அவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த அச்சகக்காரர்.

லிங்கனின் 1841 ஜனவரி 20ஆம் தேதிக் கடிதத்தை எப்படித் தவறவிட்டாய்? சபைக்குப் போகாமல் கிட்டத்தட்ட ஒரு வாரம் படுத்துக்கிடந்தவன், வாஷிங்டனில் இருந்த தொழில் கூட்டாளி ஸ்டூவர்ட்டுக்கு எழுதுகிறான். தனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹென்றிக்கு ஸ்பிரிங்ஃபீல்ட் போஸ்ட்மாஸ்டர் பதவி வாங்கித் தர வேண்டும், அவர் ஊரில் இல்லாவிட்டால் தான் பிழைக்க முடியாது என்கிறான். துக்கத்தின் நடுவிலும் சிபாரிசு! இதைவிடப் பெரிய காட்சி உனக்கு எங்கே கிடைக்கும்?

இன்னும் கேள். 1842இல், ஸ்டேட் பேங்க் நோட்டுகளை வரிக்கு வாங்கக் கூடாது என்று மாநிலத் தணிக்கையாளர் ஷீல்ட்ஸ் உத்தரவு போடுகிறார். லிங்கன் புனைபெயரில் அவரைக் கிண்டலடித்துப் பத்திரிகையில் எழுதுகிறான். மேரியும் ஒரு தோழியும் சேர்ந்து அடுத்ததை எழுதுகிறார்கள். பழி முழுவதையும் லிங்கன் ஏற்றுக்கொள்கிறான். செப்டம்பர் 22, ஆற்றுத் தீவில் ஷீல்ட்ஸோடு வாள் சண்டைக்குப் போய், கடைசி நேரத்தில் சமாதானம். நவம்பர் 4 கல்யாணம். பேங்க் பிரித்தது, பேங்க் சேர்த்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். மேடைக்கு அந்த மிகை போதும்.

லிங்கனின் நண்பன் ஸ்பீட் தன் கடையைக் கைமாற்றிவிட்டு கென்டக்கிக்குப் புறப்படும் காட்சி மட்டும் அபாரம். மாடியறையைப் பகிர்ந்துகொண்ட இரண்டு ஆண்கள், பெண் பேச்சே எடுக்காமல், மூட்டை கட்டும் கயிற்றைப் பற்றியே பேசுகிறார்கள். உன் வயதில் எவனும் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. நான் எழுதியிருக்கக் கூடாதா என்றிருந்தது. அதில் ஒரு எழுத்தைத் தொடாதே.

கடைசிக் காட்சியில் பாதிரியார் பேச்சை வெட்டு. மோதிரத்தோடு முடிக்காதே. கல்யாணமாகி ஒரு வாரத்தில் லிங்கன் சக வக்கீலுக்கு எழுதுகிறான்: வழக்கு விவகாரம்தான் முழுக்க. முடிவில், இங்கே புதிதாக ஒன்றுமில்லை, எனக்குக் கல்யாணமானதைத் தவிர, அது எனக்கே பெரிய ஆச்சரியம் என்கிற பொருளில் ஒரு வரி. அதை மேரி அறையில் இருக்கும்போதே அவன் எழுதட்டும்.